தஞ்சை வழியே நீலகிரிக்கு

எங்கள் எதிர்வீட்டில் வசிக்கும் சிந்திக் குடும்பத்தார் சென்ற ஆண்டு சுவிட்சர்லாந்து தேசத்துக்குச் சென்று திரும்பினார்கள். துணி வியாபாரத்தில் நாலு காசு சேர்த்தவர்கள், நல்ல மனிதர்கள். திரும்பி வந்ததும் தெருவிலுள்ள குழந்தைகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தார்கள். பனிமலைப் படங்களையும் காட்டினார்கள். யுங்ஃப்ராவ் என்னும் மலையின்மேல் 3,454 மீட்டர் உயரத்தில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. 1912ஆம் ஆண்டிலிருந்து அங்கே வண்டி போய்க்கொண்டிருக்கிறது. ஐரோப்பாவிலேயே மிக உயரமான நிலையம் அதுதான். அதன் வாசலில் அந்த வீட்டுப் பாட்டியம்மாள் கம்பளிக் குல்லாய் அணிந்து நிற்கும் படத்தை எங்கள் மகன் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். இரவு உணவின்போது, "அப்பா, நாம எப்போ சுவிட்சர்லாந்து போவோம்?" என்று கேட்டான்.

ரயில்வே குமாஸ்தாவின் வீட்டில் இக்கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. "போகலாம், போகலாம்" என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கலாம். ஆனால் ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பதால் ஒரு செய்தி நினைவுக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்துத் தொழிற்சாலையில் செய்த எஞ்சின்கள் ஏறிய மலை ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அந்த தேசத்து மலைகளில் கையாளும் அதே பல்சக்கர முறையில்தான் அங்கும் ரயில் ஏறுகிறது. "சுவிட்சர்லாந்து நம்மிடம் வந்து நூறு வருஷத்துக்கு மேலாகிறது. நாம் போய்ப் பார்க்காததுதான் பாக்கி" என்றோம். அவனுக்குப் பாதி நம்பிக்கை, பாதி சந்தேகம்.

எங்களைப் போன்ற குடும்பங்களின் நிலையை வாசகர்கள் அறிவார்கள். வருஷத்துக்கு ஒரு முறை பாஸ் எழுதி வாங்குவோம். மூட்டை கட்டுவோம். திருநெல்வேலிச் சீமையிலுள்ள எங்கள் கிராமத்துக்குச் செல்வோம். அம்மன் கொடை, ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, இரண்டு துக்க விசாரிப்பு, விடுமுறை தீர்ந்துவிடும். உல்லாஸ்நகரில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு என்பது ஒரு தெரு, ஒரு கிணறு, ஒரு கோயில், கன்னத்தைக் கிள்ளும் பல உறவினர்கள், அவ்வளவுதான். மகளுக்கு வயது பதின்மூன்று. பள்ளியில் ஆங்கிலம், மராத்தி, இந்தி மூன்றையும் நன்றாகப் படிக்கிறாள். தமிழ் பேசுவாள், எழுத்து தெரியாது. பத்து வயது மகனுக்கும் அப்படியே. மாலையில் உட்கார்த்திவைத்துக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று ஆறு ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாலை நேரத்தில் வீடு வந்து சேர்ந்தால் அல்லவா கற்றுக்கொடுப்பதற்கு!

இம்முறை கோடை விடுமுறையில் கிராமத்துக்குப் போவதில்லை. தஞ்சை, மதுரை என்னும் பழம்பெரும் நகரங்களைப் பார்த்துவிட்டு நீலகிரிக்குச் செல்வது என்று முடிவு செய்தோம். எங்கள் தாயாருக்கு இது சிறிதும் பிடிக்கவில்லை. பிள்ளைகள் அவரை ஆச்சி என்று அழைப்பார்கள். வயது அறுபத்தெட்டு. "கொடைக்குப் போகாம மலையைப் பார்க்கவா போறது? அம்மன் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார். எங்கள் இல்லத்தரசிதான், "அத்தை, பிள்ளைங்களுக்காக ஒரு தடவை" என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தாள். சம்மதித்தார் என்பதைவிட வாய் மூடினார் என்பதே பொருந்தும்.

கல்யாணில் இரவு வண்டி ஏறினோம். நள்ளிரவு தாண்டிக் கர்ஜத் வந்ததும் பிள்ளைகளை எழுப்பினோம். போர் காட் என்னும் மலைத்தொடரின்மேல் வண்டி ஏற வேண்டுமாதலால் அங்கே பின்புறத்தில் எஞ்சின்களை இணைக்கிறார்கள். பாங்கர் என்று ரயில்வேக்காரர்கள் சொல்வது இதைத்தான். முன்னே ஒன்று இழுக்க, பின்னே இருப்பவை தள்ள, வண்டி கண்டாலாவை நோக்கி ஏறுகிறது. 1863ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பாதை இது. 37 அடி சென்றால் 1 அடி உயரும் ஏற்றம். "நாம் போகிற மலையில் 12 அடிக்கு 1 அடி ஏற வேண்டும்" என்று சொன்னபோது மகன் கையைச் சாய்த்து வைத்துக் கணக்குப் பார்த்தான். "வண்டி பின்னால வழுக்காதா?" என்றான். அதற்கு விடையை மேட்டுப்பாளையத்தில் சொல்வதாக ஒத்திவைத்தோம். சென்னையில் ஒரு பகலைக் கழித்துவிட்டு, மறுபடியும் இரவு வண்டியேறி, அதிகாலையில் தஞ்சாவூரில் இறங்கினோம்.

பெரிய கோயிலைப் பற்றி எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள். ராஜராஜ சோழன் 1010ஆம் ஆண்டில் கட்டி முடித்ததையும், விமானம் சுமார் 216 அடி உயரம் என்பதையும் பள்ளிப் பிள்ளைகளும் சொல்வார்கள். காலை வெயில் விமானத்தின்மேல் படும்போது கல் பொன்னிறமாவதை ஆச்சி கைகூப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொடைக் கோபம் சற்றுத் தணிந்தது போலிருந்தது.

எங்களை அதிகம் கவர்ந்தவை கல்வெட்டுகள். குமாஸ்தாவின் கண்ணுக்கு அது ஒரு பெரிய அலுவலகப் பதிவேடு. கோயிற் பணிக்கென்று சோழநாட்டின் பல கோயில்களிலிருந்து தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைத் தஞ்சைக்கு மாற்றியிருக்கிறான் ராஜராஜன். ஒவ்வொருத்தியின் பெயர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு என்பதெல்லாம் சுவரில் வெட்டியிருக்கின்றன. ஆளுக்கு ஒரு பங்கு. பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரை விட்டுப் போனாலோ, நெருங்கிய உறவினருக்கு அந்தப் பங்கு. இறந்த ஊழியரின் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுக்கும் நம் ரயில்வே விதிக்கு இது ஆயிரம் ஆண்டு மூத்தது. இடமாற்ற உத்தரவைக் கல்லில் வெட்டி வைத்தவர்களிடம் யார் போய் ரத்து கேட்பது? அந்த நானூறு பேரில் எத்தனை பேர் தம் ஊரை நினைத்து அழுதார்களோ, அதைச் சுவர் சொல்லவில்லை.

இதையெல்லாம் நாங்கள் படித்தது கல்லிலிருந்து அன்று, அச்சுப் புத்தகத்திலிருந்து. சோழர் காலத்து எழுத்தில் ஒன்றிரண்டைத்தான் எங்களால் அடையாளம் காண முடிந்தது. ஐந்தாம் வகுப்பு வரை படித்த ஆச்சி கல்லருகே விரலை ஓட்டி, "இது 'ம' மாதிரி இருக்கு, இது 'ர'" என்று பேத்திக்குக் காட்டினார். பேத்தி சும்மா நின்றாள். அவளுக்கு இன்றைய 'ம'வும் தெரியாது. முதல் நாழிகையில், வாசலிலிருந்த பலகையைக் காட்டி, "என்ன போட்டிருக்கு ஆச்சி?" என்று அவள் கேட்க நேர்ந்தது. காலணிகளை எங்கே விட வேண்டும் என்பதுதான் செய்தி. ஆச்சி படித்துச் சொன்னார். எங்கள் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். குற்றம் குழந்தையுடையதன்று என்பது அந்தப் பார்வையிலேயே இருந்தது.

திருச்சுற்றின் தென்மேற்குப் பக்கம் வந்தபோது மகள் திடீரென்று நின்றாள். "அப்பா, இது மராத்தி!" என்று கூவினாள். சுவரில் வரிவரியாக நாகரி எழுத்து. இரண்டாம் சரபோஜி மன்னர் 1803ஆம் ஆண்டில் வெட்டுவித்த போன்ஸ்லே வம்சத்தின் சரித்திரம் அது. மராத்தி மொழிக் கல்வெட்டுகளில் மிக நீளமானவற்றுள் ஒன்று. பழைய நடையாதலால் எல்லாம் விளங்கவில்லை. ஆயினும் அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். ஷாஜி என்றும் சிவாஜி என்றும் பெயர்கள் வந்த இடங்களில் தம்பியும் கூடச் சேர்ந்துகொண்டான். நாலாம் வகுப்பில் சிவாஜி மகாராஜாவின் சரித்திரத்தைப் பாடமாகப் படித்தவன் அல்லவா! "சிவாஜி மகாராஜ் இங்க எப்படி வந்தார்?" என்றான்.

கதையைச் சொன்னோம். சிவாஜியின் தந்தை ஷாஜிக்கு மற்றொரு மனைவியிடம் பிறந்தவர் ஏகோஜி. பீஜப்பூர் சுல்தானின் படைத்தலைவராகத் தெற்கே வந்து, 1676ஐ ஒட்டித் தஞ்சையில் தாமே அரசரானார். 1677ஆம் ஆண்டில் சிவாஜி படையோடு தெற்கே வந்தபோது, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்தார். தகப்பனார் சொத்தில் பாதியைக் கேட்டார். பேச்சு முற்றியது. தம்பி இரவோடிரவாகத் தஞ்சைக்குத் திரும்பி ஓடிவிட்டார். மகாராஜாக்கள் வீட்டிலும் பாகப் பிரிவினைச் சண்டை உண்டு என்பதில் மகனுக்குப் பரம சந்தோஷம். ஏகோஜியின் வம்சம் 1855 வரை தஞ்சையில் இருந்தது. அவர்கள் காலத்தில் வளர்ந்த சரஸ்வதி மகால் நூலகத்தில் தமிழ், வடமொழி, தெலுங்கு, மராத்தி ஏடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. சம்பாஜியின் பெயரால்தான் சாம்பார் வந்தது என்று ஓட்டலில் ஒருவர் எங்களுக்குச் சத்தியம் செய்தார். அதை நம்புவோர் நம்பலாம், ருசியில் குறையில்லை.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ அவங்க நம்ம ஊருக்குப் பிழைக்க வந்தாங்க, நாம அவங்க ஊருக்குப் பிழைக்கப் போனோமாக்கும்" என்றார். அரசாள வந்ததும் குமாஸ்தா வேலைக்குப் போனதும் ஒன்றாகுமா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டோம். பிறகு கேட்டார்: "வந்தவங்க இந்த ஊர்ப் பேச்சைப் படிச்சாங்களா?" படித்தார்கள். மராத்தியையும் விடவில்லை. தஞ்சையில் இன்றும் வீட்டுக்குள் மராத்தியும் தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. ஆச்சி தலையை ஆட்டிக்கொண்டார்.

தஞ்சையிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில் பொன்மலை நிலையம் வரும். ரயில்வேக்காரனுக்கு அது ஒரு க்ஷேத்திரம். நீலகிரி மலை ரயிலுக்கான புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து கொடுத்தது பொன்மலைப் பணிமனைதான். விண்டர்தூரில் செய்ததை இங்கே நம் தொழிலாளர் செய்துவிட்டார்கள் என்று ஜன்னல் வழியே சுட்டிக் காட்டினோம். மதிற்சுவர்தான் தெரிந்தது. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். மலைக்கோட்டையில் ஏறி இறங்கியதில் ஆச்சிக்கு முழங்கால் வீங்கியதைத் தவிரத் திருச்சியில் சொல்வதற்கு வேறொன்றுமில்லை.

மதுரையில் இரண்டு நாள். மீனாட்சியம்மன் கோயிலும், 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகாலும் பார்த்தோம். மகாலின் தூணை மகனும் மகளும் இரு பக்கமும் நின்று கட்டிப்பிடித்தும் விரல்கள் சந்திக்கவில்லை. ஆனால் மதுரை எங்கள் மனத்தில் நிற்பது வேறொரு காரணத்தால்.

கிராமத்திலிருந்து எங்கள் தமையனார் தாயாரைப் பார்ப்பதற்கென்று மதுரைக்கு வந்திருந்தார். கோவை வண்டி புறப்படுவதற்கு ஒரு மணி முன்பு நிலையத்தில் சந்தித்தோம். கையில் ஒரு பை; பையில் முறுக்கும் கருப்பட்டியும். தாயாரின் காலைத் தொட்டு வணங்கினார். பிள்ளைகளைத் தூக்கினார். எங்களைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெகுநேரம் கழித்து, "ஏல, மதுரை வரைக்கும் வந்தவனுக்கு ஊரு மூணு மணி நேரந்தானல. அம்மாவைக் கொண்டாந்து அம்மன் முன்னால ஒரு நிமிஷம் நிறுத்தக் கூடாதா?" என்றார். பதில் எங்களிடம் ஆயத்தமாக இருந்தது: விடுப்பு இத்தனை நாள், மலை ரயிலுக்கு முன்பதிவு இன்ன தேதி. ஒன்றும் வாயில் வரவில்லை. அந்நேரம் எதிர்ப் பிளாட்பாரத்தில் திருநெல்வேலிப் பக்கம் போகும் வண்டி வந்து நின்றது. ஆச்சி அதையே பார்த்தார். அது புறப்பட்டுக் கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்தார். பிறகு, "சரிய்யா, அவன் பிள்ளைங்களுக்காக வந்திருக்கான்" என்று தமையனாரிடம் சொன்னார். தமையனார் எங்கள் மகளிடம், "பெரியப்பாவுக்கு ஒரு லெட்டர் போடு கண்ணு" என்றார். அவள், "இங்கிலீஷ்ல போடட்டா பெரியப்பா?" என்றாள். "எனக்கு யாரு படிச்சுச் சொல்லுவா?" என்று சிரித்தார். சிரிப்பாகத்தான் சொன்னார். பழனி தாண்டும் வரை எங்கள் பெட்டியில் யாரும் பேசவில்லை.

கோவையில் இரவு தங்கி, விடியுமுன் மேட்டுப்பாளையம் சேர்ந்தோம். ஏழு மணி தாண்டிச் சில நிமிடங்களில் மலை ரயில் புறப்படுகிறது. நீல நிறப் பெட்டிகள், மீட்டர் அகலப் பாதை. எஞ்சின் முன்னால் இல்லை, பின்னால் இருக்கிறது. கர்ஜத்தில் பாங்கர் தள்ளியதைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும்.

வழுக்காதா என்ற கேள்விக்குக் கல்லாறு நிலையத்தில் விடை கிடைத்தது. அங்கிருந்து இரு தண்டவாளங்களுக்கு நடுவே, பல் வைத்த இரும்புப் பட்டைகள் இரண்டு அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் மற்றொன்றின் பள்ளத்துக்கு நேராக வரும்படி மாற்றி அமைத்திருக்கிறார்கள். எஞ்சினின் அடியிலுள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறும். ஒரு பல் விடுபடும்போது இன்னொரு பல் பிடித்திருக்கும். இம்முறையைக் கண்டவர் ஆப்ட் என்னும் சுவிஸ் பொறியாளர். எஞ்சினுக்குச் சிலிண்டர்கள் நான்கு. ஒரு ஜோடி சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். மற்றொரு ஜோடி பல்சக்கரத்தை ஓட்டும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிப்பதற்கு ஓர் ஆள் கொடியோடு நிற்கிறார். எங்கள் பெட்டியில் இருந்தவர், நாங்களும் ரயில்வே என்று அறிந்ததும் மகனை அருகே அழைத்து எல்லாவற்றையும் காட்டினார். அன்று முதல் அவனுக்குச் சுவிட்சர்லாந்துக் கவலை தீர்ந்தது.

இந்தப் பாதை எளிதில் வந்துவிடவில்லை. 1854இலேயே யோசனை தோன்றியது. ஆல்ப்ஸ் மலையில் ரிகி சிகரத்துக்கு 1871இல் பல்சக்கர ரயில் விட்ட ரிக்கன்பாக் என்பவர் 1882இல் நீலகிரிக்கே வந்து ஒரு திட்டம் கொடுத்தார். கம்பெனிகள் தோன்றின, பணமின்றி மறைந்தன. கடைசியில் 1899இல் குன்னூர் வரையிலும், 1908இல் உதகை வரையிலும் வண்டி ஓடியது. சுமார் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 326 மீட்டர் உயரத்திலுள்ள மேட்டுப்பாளையத்திலிருந்து 2,203 மீட்டர் உயரத்திலுள்ள உதகைக்கு ஏற ஏறக்குறைய ஐந்து மணி நேரம். யுனெஸ்கோ 2005இல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. பாறையைக் குடைந்து சுமை தூக்கிய கூலிகளின் பெயரை எந்த நிலையத்திலும் நாங்கள் காணவில்லை. ராஜராஜனாவது எழுதி வைத்தான்.

ஹில்குரோவ் நிலையத்தில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. குரங்குகள் கூட்டமாகக் காத்திருந்தன. தமையனார் தந்த முறுக்கைப் பிரித்ததுதான் தாமதம். ஒன்று பாய்ந்து பையோடு கொண்டு போயிற்று. கருப்பட்டி தப்பியது. "அண்ணன் ஊர்ப் பண்டம் குரங்குக்குக்கூடப் பிடிச்சிருக்கு" என்று ஆச்சி சொன்னார். மதுரைக்குப் பின் அவர் சிரித்தது அப்போதுதான்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சினை மாட்டுகிறார்கள். நாங்கள் அங்கேயே இறங்கி மூன்று நாள் தங்கினோம். உதகையைவிட மலைக் கிராமங்களைப் பார்ப்பதே எங்கள் எண்ணம். கேத்திப் பள்ளத்தாக்கை மேலிருந்து பார்த்தால், காரட்டும் கோசும் உருளைக்கிழங்கும் பயிரிட்ட படிக்கட்டு நிலங்கள் பாய் விரித்தது போலக் கிடக்கின்றன. நடுநடுவே படுகர்களின் ஊர்கள். ஹட்டி என்று சொல்வார்கள். வீடுகள் வரிசையாகச் சுவரொட்டி நிற்கும். இளையவர் தலை குனிய, பெரியவர் அத்தலையைத் தொட்டு வாழ்த்துவது அவர்கள் வழக்கம். அதைப் பார்த்தது முதல் எங்கள் மகன் ஆச்சியிடம் நாளைக்கு நாலு தரம் தலையை நீட்டுகிறான். வடக்கேயிருந்து வந்தவர் என்ற பொருளில்தான் அப்பெயர் ஏற்பட்டது, மைசூர்ப் பக்கத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்று ஆராய்ச்சியாளர் பலர் எழுதியிருக்கிறார்கள். இல்லை, நாங்கள் இம்மலையின் பூர்வகுடிகள் என்று படுகர்களில் பலர் மறுக்கிறார்கள். தேநீர்க் கடையில் நாங்கள் கேட்டபோது கடைக்காரர், "எங்க தாத்தாவோட தாத்தாவும் இங்கதான்; அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறீங்க?" என்றார். நியாயமான பதில்.

குன்னூரிலிருந்து கோத்தகிரிக்குப் பேருந்தில் சென்றபோது நடந்ததையே முக்கியமாகச் சொல்ல வேண்டும். ஆச்சியின் பக்கத்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்தார். தேயிலை பறித்துக் காய்த்த கைகள். இரண்டு கிழவிகள் சேர்ந்தால் முதற் கேள்வி என்ன? "உங்களுக்கு எந்த ஊரு?" என்று ஆச்சி கேட்டார். அந்த அம்மாள் உடனே விடை சொல்லவில்லை. "எந்த ஊருன்னு சொல்றது? பிறந்தது சிலோன்ல, தோட்டத்துல" என்றார்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்த தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்றும் முடிவு. எஞ்சியவர்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார்கள். அவர்களையெல்லாம் ஒரு பட்டியலாக்கிப் பங்கிட்டபோது, யாரையும் கேட்கவில்லை. வந்தவர்களில் பலருக்கு வேலை கொடுப்பதற்காகவே நீலகிரியில் அரசாங்கம் 1968 முதல் தேயிலைத் தோட்டங்களை ஏற்படுத்தியது. அந்த அம்மாள் பத்து வயதில் தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் கேம்பில் பல நாள் தங்கி, இங்கே வந்திருக்கிறார். "அங்க இருந்தப்போ எங்களை இந்தியாக்காரங்கன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கங்கிறாங்க. உங்களை அங்க பம்பாய்ல என்னன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டார். "மதராசி" என்றார் ஆச்சி.

கேம்ப் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் மகன், "நாங்களும் கேம்ப்தான்! கேம்ப் நாலு!" என்றான். அந்த அம்மாளுக்கு விளங்கவில்லை. நாங்கள் விளக்கினோம். உல்லாஸ்நகரே ஒரு கேம்ப் அல்லவா! கல்யாண் அருகே யுத்த காலத்தில் இருந்த ராணுவ முகாமில்தான், 1947 பிரிவினைக்குப் பின் சிந்து மாகாணத்திலிருந்து வந்த மக்களைத் தங்க வைத்தார்கள். 1949ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அவ்வூருக்கு அடிக்கல் நாட்டினார். இன்றைக்கும் கேம்ப் ஒன்று, கேம்ப் இரண்டு என்றுதான் விலாசம். எதிர்வீட்டுச் சிந்திப் பாட்டியும் அப்படி வந்தவர்தான் என்று மகள் சேர்த்துச் சொன்னாள். அந்த அம்மாள் நன்றாகச் சிரித்தார். கோத்தகிரியில் இறங்கும்போது ஆச்சி பையிலிருந்த கருப்பட்டியில் பாதியை உடைத்து அவர் கையில் வைத்தார். அவர் முந்தானையில் முடிந்துகொண்டார். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. இருவரும் கேட்கவில்லை.

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில், 1819இல் ஜான் சல்லிவன் கட்டிய வீட்டைப் பார்த்தோம். நீலகிரியில் வெள்ளைக்காரர் குடியேறிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இப்போது அது ஒரு காட்சிசாலை. மகன் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவரும் வெளியூரா?" என்றான். எல்லாரும் வெளியூராகவே இருக்கும் இம்மலை அவனுக்கு மிகவும் பிடித்துவிட்டது.

உதகைக்கு ஒரு நாள் ஒதுக்கினோம். 1848இல் தொடங்கிய தாவரவியல் தோட்டத்தில் மலர்க் காட்சி. மலர்களைவிடத் தலைகளே மிகுதி. மே மாதத்தில் உதகைக்குப் போகாதீர்கள் என்பது எங்கள் ஆலோசனை. பிள்ளைகளின் பள்ளி விடுமுறை மே மாதத்தில்தான் வருகிறது. ஆகையால் எங்கள் ஆலோசனையால் யாருக்கும் பயனில்லை. மலை ரயிலில் இடம் மிகக் குறைவு. முன்பதிவு தொடங்கும் நாளன்றே சீட்டு எடுத்துவிட வேண்டும். இடம் கிடைக்காதவர்கள் குன்னூருக்குப் பேருந்தில் ஏறி, அங்கிருந்து உதகைக்கு மட்டுமாவது ரயிலில் செல்லலாம். ஆனால் பல்சக்கரத்தின் அழகு கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில்தான். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்குக் கம்பளி அவசியம். நாங்கள் எடுத்துச் செல்லவில்லை. குன்னூர்ச் சந்தையில் ஆச்சிக்கு ஒரு சிவப்புக் கம்பளிக் குல்லாய் வாங்கினோம். கேத்தி நிலையத்தில் அதை அணிந்து நிற்கும் படத்தை எதிர்வீட்டுப் பாட்டியம்மாளிடம் காட்ட வேண்டும் என்று அவரே சொன்னார்.

குன்னூரில் இரண்டாம் இரவு, ஆச்சி பேத்தியிடம் ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். விளக்கடியில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருவரும் உட்கார்ந்தார்கள். முதலில் 'ம'. பிறகு 'ர'. 'அ'விலிருந்து தொடங்க வேண்டும் என்று நாங்கள் திருத்தப் போனோம். "அவளுக்கு எது வேணுமோ அதுல தொடங்குதேன், நீ உன் வேலையைப் பாரு" என்றார். ஆறு ஆண்டுகளாக எங்களுக்கு நேரமில்லாமற்போன பாடம் அப்படித்தான் தொடங்கியது.

திரும்பும் வழியில் கோவையிலிருந்து மும்பை வண்டியில் ஜன்னலோரம் மகளுக்கு. நிலையப் பலகைகளில் மேலே தமிழ், பிறகு இந்தி, பிறகு ஆங்கிலம். இந்தியைக் கையால் மறைத்துக்கொள்வது போல் கண்ணை இடுக்கிக்கொண்டு தமிழை மட்டும் படிக்கப் பார்த்தாள். திருப்பூரில் 'ரு' மட்டும் தெரிந்தது. வண்டி நின்ற ஈரோட்டில் 'ரோ' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சச்சரவு. சேலத்தை முழுதாகப் படித்துவிட்டாள். அதன்பின் பொழுது சாய்ந்து பலகைகள் கன்னடமாயின. மறுநாள் சோலாப்பூரில் மறுபடி நாகரி எழுத்து வந்தபோது தம்பிதான் உரக்கப் படித்தான். அவள் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள்.

ஊர் வந்து சேர்ந்த மூன்றாம் வாரம் பெரியப்பாவுக்குக் கடிதம் போயிற்று. ஏழு வரி. ஆச்சி சொல்லச் சொல்ல எழுதியது நாலு வரி. தானே எழுதியது மூன்று. 'குரங்கு' என்பதில் ஒரு பிழை, 'வருவோம்' என்பதில் ஒன்று. திருத்தாமலே அனுப்பினோம். வரும் கொடைக்குப் பாஸ் எழுதிக் கொடுத்தாயிற்று. தமையனார் தொலைபேசியில் கூப்பிட்டு, கடிதம் கிடைத்தது என்றார். மழை பெய்ததா, தண்ணீர் வருகிறதா என்று விசாரித்தார். பிழைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அம்மாவிடம் கொடு என்றார்.